யூட் மக்களின் வீட்டுக்குள் நுழைந்த அரசு ஏஜென்ட்: நடனம், திருமணம், குதிரை, சாவு

குறிஞ்சிவாசன்:

அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி இங்கே எப்போது பேசினாலும் பேச்சு போர்களோடு நின்றுவிடுகிறது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு அந்த மக்களின் அன்றாட வாழ்க்கை யார் கைக்குப் போனது என்று பேச ஓர் இழை வேண்டும் என்று தோன்றியது. எல்லாப் பழங்குடிகளையும் சேர்த்துப் பேசினால் எதையும் உருப்படியாகப் பேச முடியாது. அதனால் கொலராடோ, யூட்டா மலைப்பகுதிகளின் யூட் மக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1868 ஒப்பந்தத்தில் கொலராடோவின் மேற்கே, ஏறக்குறைய அதன் மூன்றில் ஒரு பங்கு நிலத்தை யூட் மக்களுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். சான் வான் மலைகளில் தங்கமும் வெள்ளியும் இருப்பது தெரிந்ததும், 1873-இல் புரூனோ உடன்படிக்கை என்ற பெயரில் அந்த மலைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நிலம் போன கதை பலருக்கும் தெரியும். ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்த ஏஜென்ட் என்ற மனிதரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

ஏஜென்ட் என்பவர் வாஷிங்டன் அனுப்பிய அதிகாரி. மாவு, மாட்டிறைச்சி, கம்பளி, வருடாந்தரத் தொகை எல்லாம் அவர் வழியாகத்தான் வரும். வேட்டை நிலம் சுருங்கச் சுருங்க அவருடைய கிடங்குச் சாவியின் பலம் கூடிக்கொண்டே போனது. 1878 முதல் அவர் சொல் கேட்கும் பூர்வகுடிப் போலீஸ் உண்டு. 1883-க்குப் பிறகு அவர் பெயர் சொல்லி அமர்த்தும் நீதிபதிகளும் உண்டு. ஒரே ஆள் ரேஷன் கடைக்காரர், போலீஸ் தலைவர், பள்ளி மேலாளர், கல்யாணப் பதிவாளர்.

1883 விதிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அப்போது உள்துறைச் செயலாளராக இருந்தவர் ஹென்றி டெல்லர். அதற்கு முன் கொலராடோவின் செனட்டர். பூர்வகுடிகளின் நடனங்களும் மருத்துவச் சடங்குகளும் முன்னேற்றத்துக்குத் தடை என்று 1882 டிசம்பரில் அவர் எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தவை அந்த விதிகள். சூரிய நடனம் போன்றவற்றில் கலந்துகொண்டால் முதல் முறை 10 நாள் வரை ரேஷன் கிடையாது. மறுபடி பிடிபட்டால் ரேஷன் நிறுத்தம் நீளும், அல்லது 30 நாள் வரை சிறை. இரண்டாவது மனைவி கட்டினால் அபராதம் அல்லது கட்டாய வேலை. மருத்துவச் சடங்கு செய்பவருக்குச் சிறை. துக்கத்தில் சொத்தை அழித்தாலும் குற்றம்.

யோசித்துப் பாருங்கள். ஆடியதற்குத் தண்டனை குடும்பத்தின் சோறு. ஆடியவர் ஒருவர், பட்டினி கிடப்பது வீட்டில் இருக்கும் எல்லோரும்.

நூலகப்பூனை:

நல்ல தொடக்கம், வாசன் அண்ணா. ஆனால் 1883-க்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் யூட் கதை நகராது. நேத்தன் மீக்கர்.

இவர் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் வேளாண்மைப் பகுதி ஆசிரியராக இருந்தவர். 1870-இல் கொலராடோவில் கிரீலி ஊரைக் கூட்டுறவுக் குடியேற்றமாக நிறுவினார். மது கிடையாது, பாசன வாய்க்கால் உண்டு, எல்லோரும் உழைக்கவேண்டும் என்ற கனவு. அந்த ஊரால் அவருக்குச் சேர்ந்தது கடன்தான். அந்தக் கடன் நெருக்கடியோடுதான் 1878-இல் வெள்ளை ஆற்று ஏஜென்சிக்கு, அதாவது அங்கிருந்த யூட்களுக்கான அரசு அலுவலகத்துக்கு, ஏஜென்டாக வந்தார்.

வந்ததும் ஏஜென்சியை ஆற்றோரம் கீழே பவல் பார்க் என்ற புல்வெளிக்கு மாற்றினார். உழவுக்கு நல்ல மண் என்பது அவர் காரணம். யூட்களுக்கு அது குளிர்காலத்தில் குதிரைகள் மேயும் இடம், பந்தயம் விடும் இடம். குதிரை அவர்களுக்கு வெறும் வாகனம் இல்லை. வேட்டைக்குப் போவது, சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவது, சீர் கொடுப்பது, மரியாதை பெறுவது எல்லாமே குதிரையால்தான். ஒரு குடும்பத்தின் செல்வத்தையே குதிரை எண்ணிக்கையில்தான் அளப்பார்கள்.

மீக்கர் இதைப் புரிந்துகொள்ளாமல் செய்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகப் புரிந்துகொண்டுதான் செய்தார். குதிரை இருக்கும்வரை இவர்கள் ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். மேய்ச்சல் நிலத்தை உழ ஏர் இறக்கினார். மேய்க்க இடம் எங்கே என்று கேட்டவர்களிடம், உங்களிடம் குதிரைகள் அதிகம், சிலவற்றைக் கொன்றுவிடுங்கள் என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. வேலை செய்யாதவர்களுக்கு ரேஷன் இல்லை என்பதும் அவர் கொள்கை. ஒப்பந்தப்படி நிலத்துக்கு ஈடாக வரவேண்டிய பொருள் அது, அவர் போடும் பிச்சை இல்லை.

யூட்கள் உடனே துப்பாக்கியைத் தூக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். தலைவர்களில் ஒருவரான நிக்காகட், வெள்ளையர்கள் ஜாக் என்று அழைத்தவர், டென்வர் வரை போய் ஆளுநர் பிட்கினைப் பார்த்து இந்த ஏஜென்டை மாற்றுங்கள் என்று முறையிட்டார். பலனில்லை. 1879 செப்டம்பரில் கனாலா என்ற யூட், வெள்ளையர்கள் ஜான்சன் என்று அழைத்தவர், மீக்கரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். மீக்கர் ராணுவத்தைக் கூப்பிட்டார். மேஜர் தார்ன்பர்க் வயோமிங்கிலிருந்து படையோடு வந்தார். செப்டம்பர் 29 அன்று மில்க் கிரீக்கில் சண்டை. தார்ன்பர்க் இறந்தார். அதே நாள் ஏஜென்சியில் மீக்கரும் அங்கே வேலை பார்த்த ஆண்களும் கொல்லப்பட்டார்கள். அவருடைய மனைவி, மகள் உட்பட பெண்களும் குழந்தைகளும் 23 நாள் சிறைப்பட்டிருந்தார்கள்.

அப்புறம் என்ன? யூட்கள் வெளியேறவேண்டும் என்று கொலராடோ முழுக்கக் கூச்சல். 1880-இல் சட்டம், 1881-இல் ராணுவக் காவலோடு யூட்டாவுக்கு விரட்டல். இதில் கொடுமை, சண்டையில் கலந்துகொள்ளாத அன்கம்பாக்ரே யூட்களையும் சேர்த்து விரட்டினார்கள். சண்டையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியவரே ஊரே (Ouray) என்ற பெயர் கொண்ட அவர்கள் தலைவர்தான். அவர் 1880-இலேயே இறந்துவிட்டார். மனைவி சிப்பெட்டா யூட்டாவின் வறண்ட நிலத்தில் வறுமையில் வாழ்ந்து 1924-இல் இறந்தார்.

ஆசிரியர் முத்துவேல்:

இருவருக்கும் வணக்கம். ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதிக்கவேண்டும்.

அந்தக் காலத்தில் கொலராடோவில் பலர் கேட்டது யூட்களை அடியோடு ஒழிப்பதை. கிழக்கே இருந்த சீர்திருத்தவாதிகள், பள்ளி கொடுப்போம், உழவு கற்றுக்கொடுப்போம், குடிமக்களாக்குவோம் என்றார்கள். ஏஜென்ட்களில் திருடர்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மீக்கர் போன்றவர்கள் உண்மையாகவே நன்மை செய்வதாக நம்பினார்கள். பலதார மணத்தைத் தடுப்பதும், குடியைத் தடுப்பதும், ஒருவர் இறந்தால் அவர் குதிரைகளைக் கொல்வதைத் தடுப்பதும் எல்லாமே ஒடுக்குமுறைதானா? ஏழைக் குடும்பம் சாவுக்காகத் தன் சொத்தையே அழிப்பதைப் பார்த்துக்கொண்டு ஓர் அதிகாரி சும்மா இருக்கவேண்டுமா? ஊரே மாதிரியான தலைவர்களே உழவையும் வீட்டையும் ஏற்றுக்கொண்டார்களே.

கேட்கவேண்டிய கேள்வி என்றுதான் கேட்கிறேன்.

குறிஞ்சிவாசன்:

ஐயா, நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. என் கவலை வேறு. நல்லது செய்கிறேன் என்று நம்புகிறவரிடம் கிடங்குச் சாவியும் போலீசும் இருந்தால், மறுக்க வழியே இல்லாமல் போகிறது. ஊரே உழவை ஏற்றது அவர் தேர்வு. தேர்வு வேறு, பட்டினி போட்டுச் செய்யவைப்பது வேறு.

சாவுச் சடங்கைப் பற்றி: யூட்களில் ஒருவர் இறந்தால் அவர் இருந்த குடிலை எரிப்பார்கள் அல்லது கைவிட்டுப் போவார்கள், உடைமைகளை அழிப்பார்கள், குதிரையைக் கொல்வதும் உண்டு. இறந்தவரின் ஆவி அந்த இடத்தை விட்டுப் போகவேண்டும் என்ற அச்சமும் அன்பும் அதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சொத்து ஒரே வீட்டில் குவியாது. சொத்து சேர்த்துப் பிள்ளைக்கு விட்டுப்போகவேண்டும் என்ற பாடத்தைத்தான் வாஷிங்டன் கற்பிக்க விரும்பியது. அதனால்தான் இந்தச் சடங்கு அவர்கள் கண்ணை உறுத்தியது. அரசு கட்டிக்கொடுத்த மரவீட்டில் ஒரு சாவு விழுந்ததும் குடும்பம் அதை விட்டு வெளியேறிக் கூடாரத்துக்குப் போய்விடும். நம் ஏஜென்ட் அதை நன்றிகெட்டதனம் என்று வாசிப்பார்.

வெண்மதி (டென்வர்):

இந்த இழையை விடிகாலையில் பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. கரடி நடனத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே!

யூட்களின் மிகப் பழைய சடங்கு அது. வசந்தத்தின் முதல் இடிக்குப் பிறகு, கரடி குளிர்கால உறக்கத்திலிருந்து எழும் நேரத்தில் நடத்துவார்கள். மரக்கிளைகளால் வட்டமாக ஒரு பெரிய வேலி, கிழக்கே வாசல். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். வெட்டுப்பல் போட்ட மரக்குச்சியை இன்னொரு குச்சியால் உரசுவார்கள், அடியில் ஒலி பெருக்க ஒரு பெட்டி. அந்த ஒலி நெஞ்சில் கேட்கும், கரடி உறுமுவதைப் போல. துணையைத் தேர்ந்தெடுப்பது பெண்தான். சால்வை நுனியை ஓர் ஆணின் பக்கம் வீசினால் அவன் எழுந்து வரவேண்டும், மறுக்கக்கூடாது. ஒழுங்கைக் கவனிக்க ஒருவர் கையில் நீளமான கொம்போடு நடப்பார். சில நாட்கள் நீடித்து விருந்தோடு முடியும்.

குளிர்காலம் முழுக்கச் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து கிடந்தவர்கள் வருடத்தில் முதல் முறை கூடும் இடம் இது. யார் இறந்தார், யார் பிறந்தார், யார் வீட்டில் பெண் வளர்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். காதல் தொடங்கும் இடம், கல்யாணம் முடிவாகும் இடம், துக்கம் கழிக்கும் இடம்.

ஏஜென்ட் பார்வையில் இதற்கு இரண்டு குற்றங்கள். ஒன்று, ஏர் பூட்டவேண்டிய பருவத்தில் எல்லோரும் ஆடப் போய்விடுகிறார்கள். மற்றது, பெண் தானாக ஆணைத் தேர்ந்தெடுக்கிறாள். முதலாவதை அறிக்கையில் எழுதுவார்கள், இரண்டாவதை ஒழுக்கக்கேடு என்ற சொல்லுக்குள் மறைத்துவிடுவார்கள். முத்துவேல் ஐயா, இந்த நடனத்தில் யாருக்கு என்ன தீங்கு? இதைத் தடுக்க ஒரு நன்மைக் காரணம் சொல்ல முடியுமா?

ஆசிரியர் முத்துவேல்:

இந்த நடனத்துக்குச் சொல்ல முடியாது, வெண்மதி. ஆனால் பலதார மணம் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.

தாமரைச்செல்வி:

ஐயா, அதற்கு நான் பதில் சொல்கிறேன். குடும்பச் சட்டத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் இந்தப் பகுதி எனக்கு முக்கியம்.

யூட் வழக்கத்தில் திருமணத்துக்குப் பெரிய சடங்கு கிடையாது. இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினால் ஊர் அதைத் திருமணமாக ஏற்கும். பெரும்பாலும் பெண்ணின் பெற்றோர் முகாமுக்குப் பக்கத்தில் இருப்பார்கள். ஒத்துப்போகவில்லையா, பெண்ணும் பிரியலாம், ஆணும் பிரியலாம். பெண் தன் உடைமையோடு தன் சொந்தங்களிடம் திரும்பிவிடுவாள். மறுமணத்தில் இழிவு இல்லை. அக்காள் தங்கையை ஒருவரே மணப்பது நடந்தது, ஆனால் எல்லோரும் செய்தது இல்லை.

ஏஜென்ட் கொண்டுவந்த திருமணம் எப்படிப்பட்டது? உரிமம் வேண்டும், பதிவேட்டில் பெயர் வேண்டும். 1901-இல் எல்லா ஏஜென்ட்களும் திருமணப் பதிவேடும் குடும்பப் பதிவேடும் வைக்கவேண்டும் என்று வாஷிங்டனில் இருந்த பூர்வகுடி விவகார ஆணையர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை போனது. பிரிய வேண்டும் என்றால் வழக்கம் போதாது, சட்டப்படி விவாகரத்து வேண்டும். ஊர் வழக்கப்படி பிரிந்து வேறு ஒருவரோடு வாழ்ந்தால் அது கள்ள உறவு, ஏஜென்ட் அமர்த்திய நீதிமன்றத்தில் தண்டனை. பலதார மணத்தைத் தடுப்பது என்று தொடங்கி, பெண்ணிடம் ஏற்கெனவே இருந்த பிரியும் உரிமையைப் பறிப்பதில் போய் முடிந்தது. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எழுதினார்கள், நிலத்தையும் அவர் பெயரிலேயே ஒதுக்கினார்கள். கூட்டு நிலத்தைத் தனித்தனியாகப் பிரிக்க வந்த 1887 டாஸ் சட்டம் முதலில் திருமணமான பெண்ணுக்குத் தனி நிலமே தரவில்லை, 1891-இல்தான் மாற்றினார்கள்.

ஏன் இந்தப் பதிவேட்டு வெறி என்றால், நிலம்தான். கூட்டு நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாகப் பிரித்தால், ஆள் இறந்ததும் வாரிசு யார் என்று காகிதம் கேட்கும். யார் மனைவி, எது முறையான பிள்ளை என்பதை ஏஜென்ட் சொல்லவேண்டி வந்தது. ஒரு பெண் யாரோடு உறங்கினாள் என்பது அரசுக் கோப்பில் ஏறிய கதை இப்படித்தான். களப் பணியாளர் என்ற பெயரில் வெள்ளைக்காரப் பெண்களை 1890-களிலிருந்து ரிசர்வேஷன்களுக்கு, அதாவது பூர்வகுடிகளுக்கு என்று ஒதுக்கிய நிலப்பகுதிகளுக்கு, அனுப்பினார்கள். சமையல், துவைத்தல், குழந்தை வளர்ப்பு, படுக்கை விரிப்பது வரை கற்றுக்கொடுக்க வீடு வீடாகப் போவார்கள். மருந்து தந்ததும் உண்டு, உதவியதும் உண்டு. வேவு பார்த்ததும் உண்டு.

நூலகப்பூனை:

தாமரை அக்கா சொன்ன பட்டா விஷயத்தை யூட்களே எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கொலராடோவின் தெற்கிலேயே தங்கிய தென் யூட்களுக்கு 1895-இல் ஹன்டர் சட்டம் வந்தது, நிலத்தைத் தனித்தனியாகப் பிரிக்க. முவாச், கபோட் பிரிவினர் ஏற்றுக்கொண்டார்கள். வீமினுச்சி பிரிவினர் தலைவர் இக்னாசியோவோடு முடியாது என்று சொல்லி மேற்குப் பகுதிக்கு நகர்ந்துவிட்டார்கள். இன்றைய யூட் மவுன்டன் பழங்குடி அவர்கள்தான். பிரித்தது போக மிச்ச நிலத்தை 1899-இல் வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள்.

வடக்கே இன்னும் பெரிய மறுப்பு. யூட்டாவில் இருக்கும் யூன்டா ரிசர்வேஷனை 1905-இல் குடியேற்றத்துக்குத் திறந்தார்கள். 1906-இல் வெள்ளை ஆற்று யூட்கள் ஏறக்குறைய 400 பேர், ரெட் கேப் போன்ற தலைவர்களோடு, குதிரையும் மாடும் ஓட்டிக்கொண்டு வயோமிங் வழியாகத் தெற்கு டகோட்டாவுக்குக் கிளம்பினார்கள். ஏஜென்ட் இல்லாத ஓர் இடம் தேடி! குதிரைப்படை தொடர்ந்தது. லகோட்டா என்ற வேறொரு பழங்குடியின் நிலத்தில் இரண்டு குளிர்காலம் தவித்து 1908-இல் திரும்பினார்கள். தோற்ற பயணம்தான். ஆனாலும் அனுமதி கேட்காமல் இத்தனை பேர் கிளம்பினார்கள் என்பதை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

மலைத்தேன்:

பள்ளிகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

நூலகப்பூனை:

எழுத மனம் வரவில்லை, அதான். சுருக்கமாகச் சொல்கிறேன். 1880-களில் தென் யூட் பிள்ளைகளை அல்புகர்க்கி உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் அங்கேயே இறந்தார்கள். அதற்குப் பிறகு பெற்றோர் பிள்ளைகளைக் கொடுக்க மறுத்தார்கள். 1893-இல் காங்கிரஸ் சட்டம்: பிள்ளையை அனுப்பாத குடும்பத்துக்கு ரேஷனை நிறுத்தலாம். மறுபடி அதே கிடங்கு. ஃபோர்ட் லூயிஸ் பள்ளியில் கண்நோய் பரவிப் பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். கிராண்ட் ஜங்ஷன் பள்ளிக்குப் பெயர் டெல்லர் இன்ஸ்டிடியூட், வாசன் அண்ணா சொன்ன அதே டெல்லர். ஹிஸ்டரி கொலராடோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பல பழங்குடிகளையும் சேர்ந்த 60-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொலராடோவின் இத்தகைய பள்ளிகளில் இறந்ததை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் புதைத்த பெற்றோரை அறிவிலிகள் என்று ஏஜென்ட் அறிக்கை எழுதினால், அந்த அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

ஆசிரியர் முத்துவேல்:

தாமரைச்செல்வி திருமணம் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிரியும் உரிமை பற்றிய வாதம் வலுவானது. இன்னொரு கேள்வி. நீதிபதிகளும் போலீசும் யூட்கள்தானே? அவர்கள் ஏன் இதற்கு உடன்பட்டார்கள்?

குறிஞ்சிவாசன்:

நல்ல கேள்வி ஐயா, எளிய பதில் இல்லை. சம்பளமும் சீருடையும் ஒரு காரணம். வேறு வருமானமே இல்லாத இடம் அது. இன்னொரு காரணம், ராணுவம் வந்து அடிப்பதைவிட நம் ஆள் வந்து பேசட்டும் என்ற எண்ணம். தன் சித்தப்பா மகனைப் பிடித்து அடைக்க எந்தப் போலீஸ்காரருக்கும் மனம் வராது, கண்டும் காணாமல் போவார். எல்லோரும் உறவு என்றால் ஏஜென்டின் கண்ணுக்கு எட்டாத இடம் நிறைய இருக்கும்.

பக்ஸ்கின் சார்லியைப் பாருங்கள். ஊரேக்குப் பிறகு தென் யூட்களின் பெரிய தலைவர். பட்டாவை ஏற்றார், விவசாயம் செய்தார், 1905-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பதவியேற்பு ஊர்வலத்தில் அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோவோடு குதிரையில் போனார். ஏஜென்ட் பார்வையில் இவர் முன்மாதிரி. அதே சார்லி நீளச் சடையை வெட்டவில்லை, பெயோட்டே என்ற போதை தரும் கள்ளிச்செடியைச் சடங்காக உட்கொள்ளும் வழிபாட்டிலும் ஈடுபட்டார். 1917-இல் கொலராடோவும் யூட்டாவும் பெயோட்டேயைத் தடை செய்தன. அவர் 1936 வரை வாழ்ந்தார், வழிபாடும் தொடர்ந்தது. எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்று கணக்குப் போட்டு நடந்த மனிதர் என்றே எனக்குத் தோன்றுகிறது. உடன்பட்டார் என்ற ஒற்றைச் சொல் அவருக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விதிகள் வந்த வருடங்களை வரிசையாகப் பாருங்கள். 1883-இல் நடனத் தடை. 1892-இல் திருத்தி மறுபடி. 1902-இல் ஆண்கள் முடி வெட்டவேண்டும், முகத்தில் சாயம் பூசக்கூடாது, நடனங்களை நிறுத்தவேண்டும் என்று ஆணையர் ஜோன்ஸ் கடிதம். 1921-இல் ஆணையர் பர்க் சுற்றறிக்கை, 1923-இல் அதன் தொடர்ச்சி. 40 வருடம் ஒன்றையே திரும்பத் திரும்பத் தடை செய்கிறார்கள் என்றால், அது நடந்துகொண்டே இருந்தது என்றுதானே பொருள்? யூட்களிடம் சூரிய நடனம் பரவியதே இந்தத் தடைக் காலத்தில்தான். 1890 வாக்கில் வயோமிங்கின் ஷோஷோனி பழங்குடியினரிடமிருந்து வடக்கு யூட்களுக்கு வந்தது, பிறகு தெற்கே போனது. தடைச் சட்டம் இருந்தபோதே ஒரு புதுச் சடங்கை எடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

மலைத்தேன்:

அப்படியானால் இந்தத் தடைகள் எப்போது போயின? ஒரே நாளில் எடுத்தார்களா?

தாமரைச்செல்வி:

இல்லை. 1934-இல் ஆணையர் ஜான் காலியர், பூர்வகுடிகளின் மதத்திலும் சடங்குகளிலும் தலையிடக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அது நிர்வாக உத்தரவு மட்டுமே. மத உரிமைக்குக் காங்கிரஸ் சட்டம் 1978-இல்தான் வந்தது. பெயோட்டேக்கு நாடு முழுக்கச் சட்டப் பாதுகாப்பு 1994 வரை காத்திருந்தது. யூட் பழங்குடிகளுக்கு இன்று சொந்த ஆட்சிக் குழுக்கள் உண்டு. ஆனாலும் ரிசர்வேஷன் நிலம் இன்னும் மத்திய அரசின் பொறுப்புரிமையில்தான் இருக்கிறது, குத்தகைக்கு விடக்கூட வாஷிங்டன் ஒப்புதல் தேவைப்படும் சூழல்கள் உண்டு. ஏஜென்ட் போய்விட்டார், அவர் அலுவலகம் முழுதாகப் போகவில்லை.

மலைத்தேன்:

நன்றி அக்கா. வெண்மதி, கரடி நடனம் வெளியாட்கள் பார்க்க முடியுமா? எங்கே, எப்போது?

வெண்மதி (டென்வர்):

முடியும். தென் யூட்கள் இக்னாசியோவில் மே மாத இறுதியில், மெமோரியல் டே விடுமுறையை ஒட்டி நடத்துகிறார்கள். டவாக்கில் யூட் மவுன்டன் மக்கள் ஜூனில், வடக்கு யூட்கள் வசந்தத்தில். தேதியைப் பழங்குடியின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். ஒரு பெண் உங்கள் பக்கம் சால்வையை வீசினால் எழுந்து போய் ஆடவேண்டும், வெளியூர்க்காரர் என்ற சாக்கு செல்லாது. சூரிய நடனம் வேறு. அது பிரார்த்தனை, வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். இக்னாசியோ போனால் அங்கே இருக்கும் தென் யூட் பண்பாட்டு அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டு வாருங்கள். இந்த இழையில் நாம் பேசிய எல்லாவற்றையும் அவர்கள் தங்கள் வாயால் சொல்கிறார்கள்.